மாமா பேசி முடித்த பிறகு வரும் பாட்டு

டின் ஆல்மனாக் என்ற இசைக்குழுவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. இங்கிலாந்திலேயே கேள்விப்பட்டவர்கள் குறைவு. தமிழில் சொன்னால் தகரப் பஞ்சாங்கம். எண்பதுகளில் அந்த நாட்டில் 'நியூ வேவ்' என்ற இசை பரவலாக இருந்தது. கிதாரின் கோபத்தைக் குறைத்து, மின்னொலி எழுப்பும் சின்தசைசரையும் இயந்திரத் தாளத்தையும் கூட்டி, உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத குரலில் பாடுவது அதன் வழி. அதில் சிலர் உலகப் பெயர் எடுத்தார்கள். இந்த நால்வர் எடுக்கவில்லை. நான்கு ஆல்பங்கள் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். அவர்களைப் பற்றி எழுதிய ஒரு சிலரும் இரண்டாவது ஆல்பம்தான் சிறந்தது என்கிறார்கள். அது தவறு. மூன்றாவதுதான். ஐம்பதை நெருங்கும் வயதில், ராயபுரத்து வீட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான்கையும் வெளிவந்த வரிசைப்படி மூன்று சுற்று கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் என் மகன் போனில் எதையோ ஓடவிட்டிருந்தான். அது முடிந்ததும் தானாக அடுத்த பாட்டு வந்தது. நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். பாட்டின் பாதியில் ஒரு பெண்குரல் பின்னணியில் எண்களைத் தலைகீழாக எண்ண ஆரம்பித்ததும் கை நின்றுவிட்டது. அந்த எண்ணிக்கையை எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வந்த பாதிப் பாட்டைத்தான் நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. அந்த இடத்தில் எப்போதும் என் மாமா பேசிக்கொண்டிருப்பார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. எண்ணூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், கல்யாணமான நான்காவது மாதம் வளைகுடாவுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். அவருக்குப் பெற்றோர் இல்லை என்பதால் மாமியை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். மாமி திருவொற்றியூர்க்காரி. அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். எனக்குப் பதினொன்று.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் வரும். போனவர் அங்கே ஒரு டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, விடுப்பில் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். இங்கே எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்போம். பிறகு அதே கேசட்டின் மேல் இரண்டு பக்கமும் நாங்கள் பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுப்போம். மாமாவின் பேச்சு அழிந்து எங்கள் பேச்சு ஏறிவிடும். செய்தியைக் கேட்டாகிவிட்டது, இனி எதற்கு அது என்பதுதான் வழக்கம்.

மாமா புதுக் கேசட் வாங்கமாட்டார். அங்கே பழைய சாமான் சந்தையில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பாட்டுக் கேசட்டுகள் மலிவாகக் கிடைத்தன. கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை திறந்திருக்கும் வரை அதன் மேல் யாரும் எதையும் பதிவுசெய்ய முடியாது. ஓட்டைகளின் மேல் செலோடேப் ஒட்டிவிட்டால் முடியும். மாமா அப்படி ஒட்டி, பாட்டுகளின் மேலேயே பேசி அனுப்பினார். பதினைந்து நிமிடம் பேசுவார். அவர் நிறுத்திய இடத்தில், ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து, டின் ஆல்மனாக் பாய்ந்து வரும்.

மூன்றாவது கேசட் வந்தது என் ஆறாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில். தேதி என் நோட்டில் இருக்கிறது. இங்கே எழுதினால் மாமி திட்டுவாள் என்பதால் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட ஒன்பது பேர் கூடியிருந்தோம். நைனா, அதாவது என் அப்பா, பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, நல்லா கீறியா? மச்சான் நல்லா கீறாரா? இங்க வெய்யிலு மண்டைய பொளக்குது. ரூமுல ஆறு பேரு, ஒரே ஃபேனு..."

வரிசையாக ஒவ்வொருவரையும் விசாரித்தார். என்னிடம், "கணக்குல எவ்ளோ வாங்கன? பொய் சொன்னா வந்து ஒதைப்பேன்" என்றார். மாமியிடம் நேராக எதுவும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருப்பது பாதித் தெரு என்று அவருக்குத் தெரியும். அம்மாவிடம்தான் சொன்னார்.

"அவ நல்லா கீறாளா? வேளைக்குத் துன்றாளான்னு பாத்துக்கோ. பின்னாடி பக்கம் கடசி பாட்டு ஷோக்கா கீதுன்னு அவகிட்ட சொல்லுக்கா."

"தோ பார்றா, தொரசாணிக்கு இங்கிலீசு பாட்டு!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மாமி முந்தானை ஓரத்தை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு கேசட்டிலும் மாமா இதையேதான் சொல்லியிருந்தார். மாமாவும் என்னைப்போல இசை ரசிகர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அவர் பேசி முடித்ததும் பாட்டு வெடித்தது. "ஐயே, இன்னா கத்தல் இது" என்று அம்மா நிறுத்தினாள். இதுவும் வழக்கம்.

நானும் மாமியும் அதை மறுநாள் முழுதாகக் கேட்போம். காசிமேட்டில் நைனாவுக்கு வலையும் கயிறும் விற்கும் கடை இருந்தது. மத்தியானம் அம்மா அவருக்குச் சோறு எடுத்துப் போவாள். வீடு எங்கள் கையில். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறிப்பேன். பெயர்கள் தெரியாததால் நானே பெயர் வைப்பேன். 'எண்ணுகிறவள்', 'டிரெயின் கேட் பாட்டு', 'தொண்டை கட்டியவன்'.

"மாமி, இவன் இன்னா சொல்றான்?"

"யாருக்குத் தெரியும்? வவுறு வலின்னு சொல்றானோ இன்னாவோ. ஆனா நல்லா சொல்றான்."

இரண்டாம் பக்கத்தில் ஐந்து பாட்டுகள். நான்காவது முடியும்போது மாமி என் கையில் சில்லறையைத் திணித்து, "போயி சுண்டல் வாங்கினு வா, ஓடு" என்பாள். சுண்டல்காரர் ரயில்வே கேட் பக்கத்தில் இருப்பார். போய்வருவதற்குள் கேசட் முடிந்து, மாமி அதைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருப்பாள். கடைசிப் பாட்டு அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், தனியாகக் கேட்க விரும்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ரசனையில் இப்படிப்பட்ட பிடிவாதங்களை நான் மதித்தேன். சுண்டலும் நன்றாக இருக்கும். என் நோட்டில் அந்த வரி மட்டும் காலியாக இருந்தது: 'ஐந்தாவது பாட்டு, கேட்கவில்லை. மாமி கேட்டாள்.'

முதல் இரண்டு கேசட்டுகளும் எங்கள் பதிலைச் சுமந்துகொண்டு போய்விட்டன. அவற்றோடு என் பாட்டுகளும் போயின. மூன்றாவதை விட எனக்கு மனம் வரவில்லை. பதில் பேசும் நாளுக்கு முந்தின நாள், யாரும் பார்க்காதபோது, ஓட்டைகள் மேல் மாமா ஒட்டியிருந்த செலோடேப்பை நகத்தால் சுரண்டி உரித்துவிட்டேன். உலகத்தின் எந்தச் சக்தியாலும் இனி அதை அழிக்க முடியாது என்று நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் பதில் பேச உட்கார்ந்தோம். கேசட்டை எடுத்துப்போக வேண்டியவர் அடுத்த தெருக்காரர். மாமாவோடு ஒரே ரூமில் இருப்பவர். சாயங்காலம் பம்பாய் ரயில், அங்கிருந்து விமானம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுக் கட்டிலில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அம்மா தொண்டையைக் கனைத்துத் தயாரானாள். நைனா இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். சிவப்புப் பொத்தான் இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"இன்னாடா இது, பேஜாரு பண்ணுது?"

கட்டிலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கேசட்டை வாங்கிப் பார்த்தார். "மேல ஒட்னத யாரோ உரிச்சிகீறாங்கண்ணே. அது ஒண்ணுமில்ல, இம்மாந்துண்டு காயிதத்த அடச்சா ஓடும்."

இம்மாந்துண்டு காகிதம். என் சக்தி அவ்வளவுதான்.

"யார்டா உரிச்சது?" என்று அம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். வீட்டில் குழந்தை ஒன்று இருந்தால் விசாரணைக்கு நேரம் ஆகாது.

"நாந்தான் அண்ணி" என்றாள் மாமி.

"உரிச்சா உரிச்சிட்டு போவட்டும்" என்று நைனா தினத்தாள் ஓரத்தைக் கிழித்து உருட்ட ஆரம்பித்தார். மாமி எழுந்து வந்தாள். அவர் மடியில் இருந்த கேசட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வோணாம்ணா. இத அழிக்காதீங்க."

நைனாவின் மடியிலிருந்து அம்மாகூட எதையும் அப்படி எடுத்ததில்லை. மாமி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் 'வேண்டாம்' என்று சொன்னதே அதுதான் முதல்முறை. கேசட்டுக்குள் இருந்த சக்கரங்கள் லேசாகக் கடகடவென்றன.

"இன்னாடி?" என்றாள் அம்மா. "மூணு மாசமா என் தம்பி அங்க பதிலுக்குக் காத்துகினு கெடக்கறான். புருசனுக்கு நாலு வார்த்த பேசறத விட உனுக்கு டப்பாங்குத்து பெருசா பூட்ச்சா?"

"புள்ளைக்குப் பாட்டுப் பைத்தியம் புடிச்சிகீது" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, மிகுந்த சந்தோஷத்தோடு.

"அப்டியே வெச்சிக்கோங்க அண்ணி. எனக்கு அந்தப் பாட்டு வோணும்."

நியூ வேவை டப்பாங்குத்து என்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் அது திருத்தம் சொல்லும் நேரம் இல்லை.

"அண்ணே, வண்டிக்கு நேரமாவுது" என்றார் கட்டிலில் இருந்தவர்.

கடைக்கு ஓடி புதுக் கேசட் வாங்கிவர முடியாது. ஞாயிறு மத்தியானம் எல்லாம் மூடியிருக்கும். அம்மாவின் அம்மன் பாட்டுகளை யாரும் தொடத் துணியமாட்டார்கள். நைனா சிறிது நேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன்னிடமிருந்த ஒரே பொக்கிஷத்தை எடுத்தார். அவர் கட்சித் தலைவரின் மேடைப்பேச்சுக் கேசட். அதன் ஓட்டைகளில் காகிதத்தை அடைத்தார்.

அதன் மேல்தான் பேசினோம். மாமியின் முறை வந்தபோது அவள் ஒலிவாங்கிக்குக் கொஞ்சம் கிட்டே போய், "நல்லா கீறேன். கேசட்டு வந்துச்சு. கடசி பாட்டு கேட்டேன். நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கேசட்டில் எங்கள் குடும்ப விஷயங்கள் முடிந்ததும், "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தலைவர் முழங்கத் தொடங்கினாராம். ரூமில் இருந்தவர்கள் கைதட்டி, அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள் என்று பிறகு செய்தி வந்தது.

அம்மா மூன்று நாள் மாமியோடு பேசவில்லை. தெருவில் மாமிக்குப் 'பாட்டுக்காரி' என்று பெயர் நிலைத்தது. மாமா ஊரோடு வந்து சேர்ந்து, திருவொற்றியூரில் வீடு கட்டிக் குடிபோகும் வரை அந்தப் பெயர் இருந்தது.

சென்ற மாதம் மகனின் போன் வழியாக டின் ஆல்மனாக் முழுதும் கிடைத்த அன்று நான் முதலில் செய்தது, பழைய நோட்டை எடுத்துக் காலி வரியை நிரப்பியதுதான். அந்த மூன்றாவது கேசட்டில் இருந்தது அவர்களின் மூன்றாவது ஆல்பம்; அதன் கடைசிப் பாட்டு ஆறேகால் நிமிடம். அபாரமான பாட்டு. தாளம் பாதியில் நின்றுபோய், வெறும் குரல் மட்டும் நடந்து போகும். மாமியின் ரசனை எவ்வளவு உயர்ந்தது என்று வியந்துபோய் உடனே போன் செய்தேன்.

"மாமி, உன் பாட்டு கெடச்சிடுச்சு! கடசி பாட்டு!"

போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம்.

"இன்னா பாட்டுடி இது?" என்றாள் மாமி.

"உன்னுதுதான். சுண்டல் வாங்க அனுப்பிட்டுத் தனியா கேப்பியே."

"இத நான் கேட்டதே இல்லியே."

"மாமி, நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ரெண்டாவது பக்கம், அஞ்சாவது..."

"உன் நோட்டத் தூக்கிக் குப்பைல போடு. அந்த எடத்துல ஏது பாட்டு? அங்க உங்க மாமா பேசிகினு இருந்தாரு."

பின்னணியில் மாமாவின் குரல் கேட்டது: "யாரு போன்ல? இன்னா கேசட்டு?"

"ஒண்ணுமில்ல, நீங்க டிவிய பாருங்க" என்று அவரை அடக்கிவிட்டு மாமி குரலைத் தாழ்த்தினாள். "அவ்ளோ பேரு முன்னால வேற எப்டிடி பேசுவாரு? பாட்டு வந்தா உங்கம்மா நிறுத்திடுவான்னு அவருக்குத் தெரியும். மொத ரெண்டு கேசட்டுலயும் அப்டிதான் பேசினாரு. அத்தயும் நீங்க எல்லாரும் குந்திகினு பேசிப் பேசி அழிச்சீங்க. நானும்தான். 'நல்லா கீறேன், நல்லா கீறேன்'னு அவரு பேசனது மேலயே பேசினேன்."

"மாமா இன்னா சொன்னாரு?"

"உனுக்கு இன்னாத்துக்கு அது?"

அந்தத் தொனியில் நாற்பது வருடத் தூரம் எதுவும் இல்லை. கேசட் இன்னும் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அந்த வருடம் தலைவர் கேசட்டின் மேல் பதில் பேசியதற்கு மறுநாள் நடந்த ஒன்று நோட்டில் இல்லை. ஆனால் நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டில் அம்மா மாமியின் தட்டை மட்டும் தள்ளி வைத்தாள். அன்று வஞ்சிர மீன் வறுவல்; மாமிக்கு மட்டும் துண்டு வைக்கவில்லை. என் குற்றத்தை இவள் சுமக்கிறாளே என்று பரிதாபப்பட்டேன். என் பங்குக்கு வந்த நடுத்துண்டை, அம்மா குழம்பு எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, மாமியின் சோற்றின் மேல் வைத்தேன். மாமி என்னைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். முகத்தில் துக்கம் கொஞ்சமும் இல்லை. ஒரு விரலால் முள்ளை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நிதானமாக, ருசித்து, துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று அப்போது எனக்கு இருந்தது.