பதினேழாம் தீர்மானமும் ஹாட்டியின் கொட்டகையும்

ஹாட்டி பெல்ரோஸ் குப்பைமேட்டுப் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. நியூ ஹாம்ஷயர் மலையடிவாரத்து வெஸ்ட் ஆர்லனில் கம்பளி ஆலை மூடிவிட்ட வருடம் அது. "குப்பைமேட்டில் கரடி அண்டாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை" என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாரும் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருக்க, ஹாட்டியின் கை மட்டும் மேலே போனது. தும்மலுக்காகத் தூக்கிய கை அது என்று ஒரு கதை உண்டு. அவள் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. இப்போது இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. கரடிகள் அவளைக் கண்டால் ஓடுவதில்லை. வழிவிட்டு ஒதுங்கிப் போகின்றன.

வெஸ்ட் ஆர்லனில் குப்பை வண்டி வீடு தேடி வராது. சனிக்கிழமை காலையில் டாக்டர், பாதிரியார், குடிகாரர் என்று எல்லாரும் அவரவர் மூட்டையை அவரவரே சுமந்து வர வேண்டும். மூட்டையைக் கையில் வாங்கினாலே ஹாட்டிக்கு அந்த வீட்டு நடப்பு தெரிந்துவிடும். யார் வீட்டில் பத்தியச் சாப்பாடு தொடங்கியிருக்கிறது, யார் வீட்டில் அது புதன்கிழமையோடு முடிந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது: மூட்டையில் வந்தது மூட்டையோடு போகும். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. பாதிரியார் இன்னும் நிம்மதியாகப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேட்டின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை நின்றது. நமக்கு வேண்டாததை அங்கே வைக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது, கேள்வியும் கிடையாது. ஊரார் கிண்டலாக அதை 'மால்' என்பார்கள். வைக்கும் பொருளில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும்: 'வேலை செய்யும்'. ஒருமுறை ஊர் நிர்வாகக் குழுத் தலைவர் ரஸ் டிங்லியின் முதுகில் 'வேலை செய்யாது' என்று யாரோ ஒட்டிவிட, மனிதர் தேவாலய விருந்து முழுவதும் அப்படியே சுற்றி வந்தார். ரஸ்ஸும் ஹாட்டியும் பள்ளியில் ஒரே பெஞ்சு. எழுத்து யாருடையது என்று அவருக்குக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஊருக்குத் தெரியாத ஒன்றும் அந்தக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழும் முன் ஹாட்டி நல்ல குளிர்க்கோட்டுகளாகப் பார்த்து எடுத்து, பொத்தான் தைத்து, முன்வரிசையில் மாட்டிவைப்பாள். அளவுகள் எல்லாம் கச்சிதமாக இருக்கும். மலைச்சாலை வீடொன்றில் ஐந்து பிள்ளைகள். தேவாலயத்திலிருந்து துணி கொண்டுபோனால் அந்தத் தகப்பன் கதவைத் திறக்க மாட்டான். தர்மம் என்ற வாடை பட்டாலே அவனுக்கு ஆகாது. ஆனால் மாலில் டாக்டரே விளக்கு எடுக்கும்போது தான் ஒரு கோட்டு எடுத்தால் என்ன? கோட்டுகளை எடுத்துப்போவான். அவன் வரும் நேரம் ஹாட்டி கரடியைத் தேடப் போய்விடுவாள்.

அதே கொட்டகைக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. அவர் கார்லைல் பார்மெலி, நாடே கொண்டாடும் நாவலாசிரியர். ஹாட்டி அவருடைய நாவல் ஒன்றை நாற்பதாம் பக்கம் வரை வாசித்துவிட்டு மூடினாள். அதில் யாரும் குப்பை கொட்டவே இல்லை என்பது அவள் குறை. ஆனால் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதும் கட்டுரைகளை ஒன்றுகூட விடமாட்டாள். மூன்றில் அவளே இருந்தாளே!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் எழுதியது: 'ஆண் தொப்பி அணிந்த ஒரு பெண் ஆளும் இந்தக் குப்பைமேடுதான் அமெரிக்காவின் கடைசி உண்மையான குடியரசு.' எண்பதில் அந்தக் குடியரசுக்குக் கொஞ்சம் சளி பிடித்திருந்தது. தொண்ணூற்றிரண்டு இலையுதிர் காலத்தில் ஒரே போடாகப் போட்டார்: 'தன் குப்பையிலேயே கடைவீதி நடத்திச் சிரிக்கும் தேசம் இது. தின்று தீராத பன்றித்தொட்டி.'

அடுத்த சனிக்கிழமை அவர் மூட்டையோடு வந்தபோது ஹாட்டி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாங்க எழுத்தாளரே. அப்ப குடியரசு, இப்ப பன்றித்தொட்டியா? நான் நின்ன இடத்துலயேதான் நிக்கறேன். நீங்கதான் நகந்துகிட்டே இருக்கீங்க."

"நாடு மாறுது, ஹாட்டி."

"மாறட்டும். என் தொப்பி மாறலையே! ஆம்பிளைத் தொப்பின்னு எழுதிட்டீங்க. நான் அதைப் பொம்பளைங்க பக்கம்தான் வாங்கினேன்."

"திருத்திடறேன்."

"இருபது வருசமா இதையேதான் சொல்றீங்க."

வினை வேறு பக்கமிருந்து வந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு பாஸ்டனிலிருந்து டிவிக்காரர்கள் வந்து, காலொடிந்த மரப் பொம்மைக்குதிரை ஒன்றை நாலு பக்கமும் நின்று படம்பிடித்துக்கொண்டு போனார்கள். ரஸ் டிங்லிக்கு மானம் போய்விட்டது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குப் பதினேழாம் தீர்மானம் தயாரானது: கொட்டகையை இடிப்பது, அந்த இடத்தில் குப்பையை நசுக்கும் இயந்திரம் நிறுத்துவது.

ஊர்க்கூட்டம் காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. வாசலில் பூட்ஸ் சேறு, உள்ளே வேகவைத்த பீன்ஸ் மணம். பள்ளிப் பிள்ளைகள் பின்னால் மேசை போட்டு ஆப்பிள் பலகாரம் விற்றார்கள். பெண்கள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் தீர்மானத்தில் ஒரு வாய்க்கால் குழாய்க்கே ஒன்றரை மணி நேரம் போனது. யார் யாரைத் திட்டினாலும் நடுவர் ஐடா வின்ஷிப் அம்மாளைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும் என்பது விதி.

பதினேழு வந்ததும் ரஸ் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பன்றித்தொட்டிக் கட்டுரையை வாசித்தார். "நடுவரம்மா, இதைச் சொல்றது நான் இல்லை. நாடே மதிக்கற எழுத்தாளர். நம்ம ஊரு பேரு பாஸ்டன் வரைக்கும் நாறிப்போச்சு."

ஹாட்டி தயாராக வந்திருந்தாள். மஞ்சளேறிப்போன எழுபத்திரண்டாம் வருடத்துப் பத்திரிகையை விரித்து, குடியரசைச் சத்தமாக வாசித்தாள்.

ஐடா அம்மாள் கண்ணாடியை இறக்கினார். "ரெண்டும் ஒரே ஆள் எழுதினதா?"

"ஒரே ஆள்தாம்மா. வருசம்தான் வேற."

கூடம் சிரித்தது. கணப்பு அடுப்பருகே கடைசி வரிசையில் பார்மெலி தன் பூட்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவரம்மா," ரஸ் விடவில்லை, "எழுத்தாளர் சமாச்சாரம் கிடக்கட்டும். அந்தக் கொட்டகை யாருக்குத் தேவைன்னு ஹாட்டி சொல்லட்டும். ஒரே ஒரு பேரு."

ஹாட்டியின் கண் அவளை மீறிப் பலகார மேசைக்குப் போனது. அங்கே மலைச்சாலை வீட்டுச் சின்னப் பெண் சிவப்புக் கோட்டோடு சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டின் நாலாவது பொத்தான் ஹாட்டி தைத்தது. பேரைச் சொன்னால் கொட்டகை நிற்கும். ஆனால் அடுத்த பனிக்கு அந்தக் கோட்டு அந்தப் பிள்ளை தோளில் இருக்காது. சொல்லாவிட்டால் கொட்டகையே இருக்காது. அவள் கண்ணை இழுத்துச் சுவர்க் கடிகாரத்தில் மாட்டினாள்.

இன்னொரு பேரும் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், ரஸ் அதோடு காலி. அவளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுத்தில் எழுத முடியாது.

"என்ன ஹாட்டி, பேரு?"

"மூட்டையில வந்தது மூட்டையோட போகும், ரஸ்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நடுவரைப் பார்த்துச் சொல்ல மறந்துவிட்டாள். ஐடா அம்மாளும் அதைக் கண்டிக்க மறந்துவிட்டார்.

ஆச்சு, போச்சு என்று அவள் தொப்பியைக் கையில் எடுத்தபோது பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நடுவரம்மா," என்றார் பார்மெலி. "ரெண்டு கட்டுரையும் என்னுதுதான். ரெண்டு தடவையும் நாட்டைப் பத்தி எழுத உக்காந்தேன். கொட்டகையைச் சரியாப் பாக்கலை. ஆனா அந்தப் பன்றித்தொட்டியை நான் எழுதினப்ப உக்காந்திருந்த நாற்காலி, மால்ல எடுத்தது. இந்தக் கோட்டும் அங்கதான். அதை எழுதினா வாக்கியத்தோட மிடுக்குப் போயிடும்னு விட்டுட்டேன். நான் எடுத்ததை ஹாட்டி பாத்தாங்க. இப்ப அவங்க அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை."

பிறகு டாக்டர் எழுந்தார். "என் மேசை விளக்கு அங்கதான். வேலை செய்யுது."

"எங்க ஞானஸ்நானத் தொட்டியோட மூடி," என்றார் பாதிரியார்.

அப்புறம் வரிசையே இல்லை. தையல் மெஷின், பனிச்சறுக்குக் கட்டை, பாதி ஏணி என்று யார் எதை எடுத்தார்கள் என்று ஊரே போட்டி போட்டுப் பெருமையடித்தது. பெருமையடிக்காதவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாட்டிக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இரண்டாம் வரிசையில் டிங்லி அம்மாள் எழுந்து நின்றார்.

"நடுவரம்மா, என் புருசன் கால்ல இருக்கற பச்சை வார் போட்ட பூட்ஸை எல்லாரும் பாத்துக்குங்க."

"ஏய், உக்காரு!" என்றார் ரஸ்.

"நடுவரைப் பார்த்துப் பேசு, ரஸ்," என்று ஐடா அம்மாள் சுத்தியலைத் தட்டினார். தட்டியவர் அதை உயர்த்திக் காட்டினார். "இது புல்தரையில பந்தடிக்கற மரச்சுத்தி. பிடியை வெட்டிக்கிட்டேன். எங்க எடுத்தேன்னு கேக்காதீங்க. சரி, பதினேழை ஆதரிக்கறவங்க?"

ரஸ்ஸின் குரல் தனியாகக் கேட்டது. "எதிர்க்கறவங்க?" என்றதும் ஜன்னல் அதிர்ந்தது. பலகார மேசைப் பிள்ளைகளும் கத்தினார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று அன்று யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பார்மெலி மூட்டையோடு தட்டச்சுத் தாள்களையும் கொண்டுவந்தார். ஹாட்டி மேட்டு வாசலிலிருந்த தன் காவல் குடிசைச் சுவரில் சாய்ந்து முதல் வரியைப் படித்தாள்: 'அமெரிக்காவின் மனசாட்சி ஒரு தகரக் கொட்டகையில் உயிரோடிருக்கிறது.'

"மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"நல்லாத்தானே சொல்லியிருக்கேன்!"

"அதான் பயமா இருக்கு. இன்னும் பத்து வருசத்துல இதையே திருப்பிப் போடுவீங்க. ரஸ் இன்னொரு தீர்மானத்தோட வருவான்."

"அப்ப நான் எதைத்தான் எழுதறது?"

"அந்த நாற்காலியைப் பத்தி எழுதுங்க. இடது பின்னங்கால் ஆடுதுல்ல?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"'வேலை செய்யும்'னு ஒட்டறதுக்கு முன்னாடி உக்காந்து பாத்தது யாருன்னு நினைச்சீங்க?"

அவர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். போகும்போது பேனாவைக் கையில் எடுத்திருந்தார். தொப்பியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

ஹாட்டி இரண்டு பழைய பத்திரிகைகளையும் கொட்டகை அலமாரியில் வைத்தாள். குடியரசின் மேல் 'வேலை செய்யும்' என்று ஒட்டினாள். பன்றித்தொட்டியின் மேல் எதை ஒட்டுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஒரு கால் ஆடும்' என்று எழுதி ஒட்டினாள்.

மதியத்துக்குள் இரண்டும் காணாமல்போயிருந்தன. எடுத்தது யார் என்று ஹாட்டிக்குத் தெரியும். அவள் சொல்ல மாட்டாள். ஆனால் கொட்டகை வாசல் சேற்றில் பூட்ஸிலிருந்து அறுந்து விழுந்த ஒரு பச்சை வார் கிடந்தது. அதை எடுத்துக் கழுவி, காயவைத்து, அலமாரியில் மாட்டினாள்.