கல்லில் ஆறாவது பெயர்

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு சொத்து மாதிரி வைத்திருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதிலும் பாதி நாள், வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவோடு தோட்டத்துக் கொட்டகையில் கழிந்தது. ஆனாலும் மருந்துச் சீட்டு, பஸ் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தப்பு என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஒலக்கூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊருக்குள் நுழையும் இடத்தில், கைப்பம்பை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் செத்துப்போன எங்கள் ஊர்க்காரர்களின் பெயரை வெட்டி நட்ட கல். பெயர்கள் உள்ளே இருந்தன என்று கேள்வி. யாரும் பார்த்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அதன் மேல் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போடுவது வழக்கம். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை நிரப்பி, கல்லே மொழுமொழுவென்று இட்லி மாதிரி ஆகிவிட்டிருந்தது. பம்புக்கு வரும் பெண்கள் குடத்தை அதன் தலையில் வைத்துத்தான் இடுப்புக்கு ஏற்றுவார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு மரியாதை. ஐப்பசி மழையில் கல்லறைத் திருநாள் வரும். கிறிஸ்தவ வீட்டார் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பட்டாளத்தில் செத்தவர்களுக்கு ஊரில் கல்லறை இல்லையே, அவர்களுக்கு இந்தக் கல்தான். இரண்டு கிறிஸ்தவ வீடு ஆரம்பித்ததைப் பார்த்து மற்ற மூன்று வீட்டாரும் அதே சாயங்காலம் அகல் கொண்டுவந்தார்கள். ஐந்து பேருக்கு ஐந்து விளக்கு.

ஆறாவதாக ஒருவர் போயிருந்தார். என் அப்பாவுக்கும் அவர் அக்காவான எங்கள் அத்தைக்கும் தாத்தா. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவருக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்களாம். வயிற்றுப் பிள்ளையோடு இருந்த பொண்டாட்டியை விட்டு, மற்றவர்களோடு சேர்ந்து திண்டிவனத்தில் ரயிலேறினார். போனவர்களில் உயிரோடு திரும்பியவர் ஒரே ஒருவர். அவர் வந்து சொன்னார்: ஐந்து பேர் செத்தார்கள், மண்ணாங்கட்டி மட்டும் பம்பாயில் கப்பலைப் பார்த்ததுமே ஓடிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஓடிப்போனவன் வீடு என்று பெயர். கருமாதியும் கிடையாது, விளக்கும் கிடையாது. அவர் பொண்டாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லையாம்.

திரும்பி வந்தவரின் பேரன்தான் என் சின்ன வயதில் கல்லுக்குப் பொறுப்பு. சுண்ணாம்பு அடிக்கிற தொழில்காரர். ஊரில் எல்லாரும் அவரைக் கல்லுக்காரர் என்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அத்தை மகனுக்குப் பட்டாளத்தில், படிப்புக் கேட்காத ஒரு வேலைக்கு, இடம் கிடைத்தது. விழுப்புரத்தில் ஓட்டம், உயரம், மார்பளவு எல்லாம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அத்தை சந்தோஷத்தில் வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், வேகவைத்து ஊருக்கே கொடுத்தாள். வாங்கித் தின்றுகொண்டே டீக்கடையில் ஒருவன் கேட்டான்:

“ஏங்க்கா, பம்பாய் வழியாவா போறான்? பாத்து, கப்பலு கண்ணுல பட்டுடப் போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கேப்பைக் களியைக் கிண்டும்போதுதான் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மகன் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. அதற்குள் கல்லறைத் திருநாள் வந்துவிடும்.

“எம் புள்ள வெளக்கு வெச்சிட்டுதான் ரயிலு ஏறணும்,” என்றாள். “நீ எங்கூட வா. உனுக்குத்தான் படிக்க வரும்.”

ஐந்து வீட்டுக்கும் போனோம். தாத்தாவைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று அத்தைக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் தாத்தாவைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நான் அந்த இரண்டு நாளில் பார்த்தது மாதிரி எதையும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஒரு வீட்டில் தவழ்கிற குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு பித்தளைப் பொத்தான் தொங்கியது. பட்டாளத்துச் சட்டையின் பொத்தான். பயம் அண்டாமலிருக்க, அந்த வீட்டில் பிறக்கிற குழந்தை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கட்டுவார்களாம். நான்கு தலைமுறைக் குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பி, அதிலிருந்த உருவம் தேய்ந்து போயிருந்தது. கிறிஸ்தவ வீடு ஒன்றில் மருந்துப் புட்டிக்குள் ஒரு விரல் அளவு மணல். திரும்பி வந்தவர் அங்கே புதைத்த இடத்திலிருந்து முடிந்துகொண்டு வந்தது. கையில் கொடுத்தார்கள். சாய்த்தால் மாவு மாதிரி நகர்ந்தது. எங்கள் ஆற்று மணல் இப்படி இருக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தரை இருக்கிறது, அதற்குள் எங்கள் ஊர் ஆள் படுத்திருக்கிறார் என்பது எனக்கு அந்தப் புட்டியைப் பிடித்திருந்தபோதுதான் உறைத்தது. இன்னொரு வீட்டில் காட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் பேரீச்சம்பழம் தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “அந்த மரத்தடியிலதான் அவுரு உசுரு போச்சாம். எங்க ஆயா துன்னல, எங்கம்மா துன்னல, நாங்களும் துன்றதில்ல,” என்றார் அந்த வீட்டுக்காரர். மற்ற இரண்டு வீட்டில் வெறும் பெயர்தான் மிச்சம்.

கடைசியில் கல்லுக்காரர் வீடு. அவர் பீடியை அணைத்துவிட்டுத்தான் பேசினார்.

“தங்கச்சி, நான் இன்னா சொல்றது? எங்க தாத்தா கண்ணால பாத்ததச் சொன்னாரு.”

“நீங்க பாத்தீங்களாண்ணா?”

“கல்லுல அஞ்சு பேருதாம்மா.”

“கல்ல நீங்க படிச்சீங்களா?”

அவர் அணைத்த பீடியை மறுபடி பற்றவைத்தார். சுண்ணாம்புக்கு அடியில் இருப்பதை அவரும் பார்த்ததில்லை.

கல்லறைத் திருநாள் அன்று மத்தியானம் ஊரே களையெடுக்கப் போயிருந்தது. அத்தை ஒரு உருண்டை புளியைக் கரைத்து எடுத்துக்கொண்டாள். “பித்தளைக்குப் போடற புளி. கல்லுக்கும் கேக்கும்,” என்றாள். தேங்காய் நாரும் ஒரு பழைய கரண்டியும் என் கையில். முதலில் சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்தது, வெள்ளை, காவி, வெள்ளை, காவி என்று அடுக்கடுக்காக. பிறகு புளித்தண்ணீர் பட்டு நுரைத்தது. நுரைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு எழுத்து வந்தது.

நான் சத்தம் போட்டுப் படித்தேன். சின்னப்பன். புட்டி மணல்காரர். கோவிந்தன். பேரீச்சம்பழம். ஏழுமலை. பொத்தான். ஒவ்வொரு பெயரும் தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிற ஆள் மாதிரி வந்தது. அந்தோணி. முனுசாமி. அத்தை ஒவ்வொரு பெயருக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குக் கீழே தேய்த்தாள். வெறுங்கல். இன்னும் கீழே தேய்த்தாள். கரண்டியால் மண்ணைத் தோண்டி, புதைந்திருந்த ஒரு முழத்தையும் தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் புளியில் வெந்து சிவந்திருந்தது.

“கண்ணு, இன்னும் ஒண்ணு கீதான்னு பாரு.”

நான் பார்த்தேன். உளி வழுக்கிய மாதிரி ஒரு கீறல் இருந்தது. அவ்வளவுதான். நிமிர்ந்தேன். அத்தை கல்லைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீது அத்தே,” என்றேன். “ஆறாவது. மண்ணாங்கட்டி.”

“எங்க?”

அவள் விரலைப் பிடித்து அந்தக் கீறலில் வைத்தேன். அத்தை அதைத் தடவினாள். ஒரு தரம் மேலேயிருந்து கீழே வரைக்கும் எல்லா வரியையும் தடவிக்கொண்டு வந்து, மறுபடி அங்கே நிறுத்தினாள். பிறகு கல்லில் நெற்றியை வைத்து அழுதாள். நான் அப்படி ஒரு அழுகையை அதற்கு முன்னால் கேட்டதில்லை. சத்தமே இல்லை.

சாயங்காலம் தூறல். ஐந்து வீட்டாரும் குடையும் விளக்குமாக வந்தார்கள். அத்தை மகனோடு, கையில் அகலோடு, முன்கூட்டியே நின்றிருந்தாள். கல்லுக்காரர் சுரண்டின கல்லைப் பார்த்தார், அகலைப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா?”

“எங்க தாத்தாவுக்கு. பேரு கீது. எந் தம்பி மவ படிச்சிது.”

கூட்டம் என்னைப் பார்த்தது. கல்லுக்காரர் பேட்டரி லைட்டை வாங்கிக்கொண்டு குந்தினார். அவருக்கு நன்றாகப் படிக்க வரும், தினம் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர். வெளிச்சம் ஒன்று, இரண்டு என்று இறங்கி ஐந்தாவது பெயரைத் தாண்டியது. கீறலில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அவர் ஒரு தரம் திரும்பி அத்தையின் விரல்களைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “கீது.”

“இன்னாது?” என்றான் டீக்கடையில் கிண்டல் பண்ணினவன். “அப்ப உங்க தாத்தா சொன்னது பொய்யா?”

“வயசான ஆளுப்பா. எத்தினியோ சொல்லிக்கினு இருந்தாரு. மழ வலுக்குது, ஜல்தி ஏத்துங்க.”

சின்னப்பன் வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அங்க ஒண்ணுமே...” என்று ஆரம்பித்தாள். “மெழுகுவத்தி அணையுது, கையால மூடிப் புடி,” என்று அவள் அம்மா அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கிண்டல் பண்ணினவன் லைட்டைக் கேட்கவில்லை. ஆறு விளக்கு எரிந்தது. அத்தை மகன் விறைப்பாக நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். அவனுக்கு இன்னும் யாரும் சல்யூட் சொல்லித் தந்திருக்கவில்லை, கை கோணலாகத்தான் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் திண்டிவனத்தில் ரயிலேறினான். இப்போது பணி முடிந்து ஊரில்தான் இருக்கிறான். நான்தான் ஊரில் தங்கவில்லை. கரும்பு, செங்கல் சூளை, கட்டட வேலை எல்லாம் பார்த்து, இப்போது நெல் அறுக்கும் வண்டியோடு ஊர் ஊராகப் போகிற ஆட்களுக்குச் சமைக்கிறேன். போன அறுவடையில் எங்கள் வண்டி ஓட்டுநர், அந்தச் சண்டையில் செத்தவர்கள் பட்டியல் போனிலேயே கிடைக்கிறது என்றார். தேடச் சொன்னேன். ஐந்து பேரில் இருவர் கிடைத்தார்கள். மண்ணாங்கட்டி கிடைக்கவில்லை. “மூட்ட தூக்கப் போனவங்க எத்தினியோ பேரு பட்டியல்ல ஏறாமலே போயிட்டாங்கக்கா,” என்றார். இருக்கலாம். பம்பாயில் இறங்கி ஓடியும் இருக்கலாம்.

விளக்கு வைத்த மறுநாள் காலை நான் பம்புக்குப் போனபோது கல்லுக்காரர் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததை அடித்தார். கீறல் இருந்த இடத்தில் மூன்றாவது பூச்சும் அடித்தார். அப்புறம் நான்கு குச்சி நட்டு, மழை படாமல் மேலே ஒரு சாக்கைக் கட்டிவிட்டு, என்னைப் பார்த்து, “குடத்த இது மேல வெக்காத, காயட்டும்,” என்றார்.

ஊரையே ஏமாற்றிவிட்ட தெம்பில் இருந்தேன் நான். காலமெல்லாம் இதே தொழில் செய்கிற மனுஷன், ஐப்பசி மழையில் சுண்ணாம்பு நிற்காது என்பதுகூடத் தெரியாமல் அடிக்கிறாரே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.