விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர்

எங்கள் வீட்டு வாசலோரம் நான்கு தகர டின்களில் இருபத்தாறு செடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். வாழை போலத் தாய்ச்செடியைச் சுற்றியே கன்று விடும். பெயர் எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் ஏற்காட்டு மழையிலும் பனிமூட்டத்திலும் இதை அழுகாமல் வளர்க்கத் தெரியும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

முதல் செடியைக் கொண்டுவந்தது என் அண்ணன். எஸ்டேட் பங்களாவில் அவனுக்குத் தோட்ட வேலை. தொட்டியிலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு கன்றை, பங்களா அம்மாவிடம் கேட்டு, சட்டைப்பையில் போட்டு வந்தான்.

“இதென்னடா, முட்டைக்கோசுக்குப் பொறந்த பொடுசா?” என்றாள் அம்மா.

“சிரிக்காதம்மா. டின்னு நெறஞ்சு வழியும், பாரு.”

அவன் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம், அவன் வந்த ஜீப் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் சேலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். வயது இருபத்திரண்டு.

நான் காபி நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறேன். வாடின நாற்று என்றால் மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவார். அவன் போன பிறகு, அந்தக் கைராசியை நம்பி அண்ணன் செடியையும் காபி நாற்று மாதிரியே வளர்த்தேன். பந்தல் நிழல், தொழு உரம், பூவாளியில் காலையும் மாலையும் தண்ணீர். இருபதே நாளில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் கழன்று கையோடு வந்தன. தாய்ச்செடி சாய்ந்த அன்று, அண்ணனை எடுத்துப் போன அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன்.

ஐந்து கன்றுகள் மட்டும் கெட்டியாக இருந்தன. தூக்கிப் போட மனசு வரவில்லை. மறுபடி மண்ணில் வைக்கவும் பயம். அடுப்புக்கு மேலே பரணில், விதை ராகி காய்கிற முறத்தில் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து விதை எடுக்க ஏறினால், ஐந்திலும் நூல் மாதிரி வெள்ளை வேர்! மண் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. முறத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். ஓடை மணலும் செங்கல் பொடியும் கலந்து நிரப்பினேன். வெயில் படுகிற, சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். இலை சுருங்கினால் மட்டும் தண்ணீர்.

அப்படியும் ஒன்று அழுகியது. நான் தண்ணீரே ஊற்றவில்லை, மணலோ ஈரம். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவள் பாதியில் திரும்பி வந்தேன். அம்மா சொம்போடு டின் பக்கத்தில் குனிந்திருந்தாள்.

“ஏம்மா, நீதானா?”

“காஞ்சு கெடக்குது கண்ணு. நொம்ப ஊத்தல, ஒரு வாய்தான்.”

“அந்த ஒரு வாயிலதான் ஒண்ணு போயிருச்சு! எத்தன தடவ சொல்றது உனக்கு?”

அம்மா சொம்பைக் கீழே வைக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில தண்ணி, தண்ணின்னு கேட்டான். ஆப்பரேசன் இருக்குது, குடுக்கக்கூடாதுன்னாங்க. நானும் குடுக்கல. இதுக்கும் குடுக்காதேன்னா என்னால முடியல சாமி.”

அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து, விரலை மணலுக்குள் விட்டேன்.

“ஈரம் இருக்குதா?”

“இருக்குது.”

“அப்ப இதுக்குத் தாகம் இல்லம்மா.”

அம்மா ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து தண்ணீர் அம்மா பொறுப்பு. தினமும் காலையில் சொம்போடு வருவாள், விரலை விட்டுப் பார்ப்பாள், முக்கால்வாசி நாள் சொம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பிப் போவாள். அப்படித் திரும்ப அவளுக்கு எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றுகூட அழுகவில்லை. நான்கு இருபத்தொன்பதானது.

இந்த மழைக்குப் பங்களாத் தொட்டிகளில் இருந்த இந்தச் செடிகள் எல்லாம் அழுகிவிட்டன. அங்கே இப்போதிருக்கும் வயசான தோட்டக்காரர் போன வாரம் எங்கள் வீடு தேடி வந்தார்.

“உங்க ஊட்டுல இருக்குதுன்னாங்க. பங்களா அம்மா ரெண்டு கன்னு கேட்டு வாங்கியாரச் சொன்னாங்க.”

என் அண்ணன் ஒற்றைக் கன்றைக் கேட்டு வாங்கிய வீடு. நான் மூன்றாகக் கொடுத்தேன், இருந்ததிலேயே கொழுத்ததாகப் பார்த்து. மீதிதான் இப்போதிருக்கும் இருபத்தாறு.

அவர் பாதையில் இறங்கியதும் அம்மா பின்னாலேயே ஓடினாள்.

“ஏனுங்க, வெரல உட்டுப் பாத்துட்டு ஊத்துங்க. தாகம் இல்லாதப்ப ஊத்திப் போடாதீங்க.”

“முப்பது வருசமாத் தோட்டக்காரனுங்க நானு. எனக்கேவா?”

“ஆமாங்க, உங்களுக்குத்தான்” என்றாள் அம்மா.