முதிரை மேசைக்கு வந்தவர்

உடுவிலில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை விட்டு, சண்டிலிப்பாயில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் போக இரண்டு கிழமைதான் இருந்தது. அப்போதுதான் மனைவி மேசையைப் பற்றிக் கதை எடுத்தாள். அது அவளுடைய தகப்பன் வீட்டு மேசை, நல்ல முதிரை மரத்தில் செய்தது. கலியாணத்தோடு எங்களிடம் வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். நாங்கள் அதைக் குசினியில் போட்டு, மேலே காஸ் அடுப்பை வைத்திருந்தோம்.

"புது வீட்டு முன் அறையிலை இதைத்தான் போட வேணும். பெயின்றை உரிச்சுப் பொலிஷ் அடிப்பம்," என்றாள்.

மரவேலை செய்கிற, தெரிந்த ஓடாவியிடம் சொன்னேன். தனக்கு நேரமில்லை என்று, பொலிஷ் வேலை செய்கிற ஒருவரை அவர் அனுப்பினார்.

வந்தவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். தலை முழுக்க மயிர் இருந்தது. அதை முதலிலேயே கவனித்தேன். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தவர், தேத்தண்ணியோடு வெளியே வந்த என் மனைவியைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"நீர் நல்லூர் ரியூசனிலை முன் வாங்கிலை இருந்தனீர் எல்லே?"

அவள் ஒரு கணம் முழித்தாள். "ஐயோ! கடைசி வாங்கு! நீயாடா?"

கலியாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. சொந்தத் தம்பியைக்கூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணை, இவவின்ரை கொப்பியைப் பாத்து எழுதித்தான் நான் கணக்கு பாஸ் பண்ணினனான். மாஸ்ரர் கணக்கைச் சொல்லி முடிக்க முந்தியே இவ விடையைச் சொல்லிப் போடுவா."

நானும் சிரித்து வைத்தேன். அவளுக்குக் கணக்கு அப்படி வரும் என்பது எனக்குத் தெரியாது.

சாமான் கட்டுவதற்காக நான் லீவு எடுத்திருந்தேன். அறைக்குள் இருந்து புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினேன். விறாந்தையில் அவர் மேசையைச் சுரண்டினார். அவள் பக்கத்தில் கதிரை போட்டு வெங்காயம் உரித்தாள். அன்று கறிக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை. சுரண்டுகிற சத்தம் நிற்கும், அவள் சிரிப்பாள், பிறகு மறுபடி சுரண்டுகிற சத்தம். அவள் சிரிப்பை நான் அறியாதவன் அல்ல. ஆனால் இது தொண்டையில் இருந்து வராமல் வயிற்றில் இருந்து வந்தது. ஒரே புத்தகத்தை இரண்டு தரம் பெட்டியில் இருந்து எடுத்து வைத்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் பச்சை முழுதும் போய்விட்டது. முதிரை பொன்னிறமாக, பட்டுத்துணி போல நெளிநெளியாக மினுங்கியது. அவள் மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "எவ்வளவு வடிவு," என்றாள், அவரைப் பார்த்து. உரித்தது அவர்தான், அவரைப் பார்த்துச் சொல்வதுதானே முறை? எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நெஞ்சு எரிந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் சைக்கிளால் இறங்க முதலே வாசல் படலைக்குப் போனேன். மனைவி பின்னால் கிணற்றடியில் நின்றாள்.

"இனி வர வேண்டாம். மனிசிக்கு இந்தப் பெயின்ற் மணம் ஒத்து வரேல்லை. இரவு முழுக்க முட்டு, மூச்சு இழுக்குது."

அவர் முகம் மாறியது. "ஐயோ அண்ணை, எனக்குத் தெரியாது. அவவைக் கவனமாப் பாருங்கோ," என்று திரும்பிப் போனார்.

அவளிடம், அவருக்கு வேறு இடத்தில் அவசர வேலையாம் என்றேன்.

"சொல்லாமல் போற ஆள் இல்லையே," என்றாள்.

"மிச்சத்தை நான் செய்யிறன்."

மாரி தொடங்கியிருந்தது. கடையில் வார்னிஷ் வாங்கி வந்தேன். சாண்ட் பேப்பரை மரத்தின் வரி ஓட்டத்துக்குக் குறுக்கே தேய்த்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கீறல்களை மறைக்க வார்னிஷைத் தடிப்பாகப் பூசினேன். நாலு நாளாகியும் அது காயவில்லை. வாடகை வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பேப்பரால் மூடிக் கட்டி லொறியில் ஏற்றினேன். சண்டிலிப்பாயில் பிரித்தபோது பேப்பர் ஒட்டிப்போயிருந்தது. உரித்தெடுத்தேன். மரண அறிவித்தல் ஒன்று, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிய எழுத்தில் மேசையில் பதிந்திருந்தது. மீசை வைத்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார்.

மனைவி வந்து பார்த்தாள். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு மேசைவிரிப்பைத் தேடி எடுத்து விரித்தாள்.

புது வீட்டுக் குடிபூரலுக்குப் பொலிஷ்காரரும் வந்தார். அவள் ஓடாவியிடம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கையில் ஒரு மாங்கன்று. நேரே மேசைக்குப் போய் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மைத்துனன், "ஆர் இந்த வேலை பாத்தது?" என்று கேட்டான்.

"மாரியிலை வார்னிஷ் இப்பிடித்தான் செய்யும். அண்ணையிலை பிழையில்லை," என்று அவர் விரிப்பை இழுத்துவிட்டார். பிறகு என் மனைவியிடம், "முட்டு இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மாங்கன்றைப் பார்த்தேன்.

"இப்ப சுகம்," என்றாள்.

அவரும் என்னைக் காப்பாற்றினார், அவளும் காப்பாற்றினாள். சேர்ந்து பேசி வைத்துக்கொண்டவர்கள் போல. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

விருந்தினர் போனதும் அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "எனக்கு எப்பையப்பா முட்டு வந்தது?"

சொன்னேன். மறைக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. "நீ அவரோடை சிரிச்சது எனக்கு ஏலாமல் போச்சு."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "இஞ்சருங்கோ, அவன் என்னட்டை என்ன கேட்டவன் தெரியுமே? ஏன் மேலை படிக்கேல்லை எண்டு. நீங்கள் ஒருநாளாவது கேட்டனீங்களே?"

"இல்லை."

"கேக்காத ஆளுக்குக் கோவம் மட்டும் வருது."

இரண்டு நாள் தேவைக்கு மட்டும்தான் கதைத்தாள். மூன்றாம் நாள் நானே அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். முட்டுக் கதை பொய் என்றும் சொன்னேன். "மழை விடட்டும் அண்ணை, வாறன்," என்றார்.

தை மாதத்தில் வந்தார். என் வார்னிஷை உரிக்க ஒரு முழு நாள் போனது. பெரியவரின் மீசை கடைசியாகத்தான் போனது. இந்தத் தரம் நான் அறைக்குள் போகவில்லை. மேசையின் மறுபக்கம் நின்று, அவர் காட்டியபடி ஓட்டத்தோடு தேய்த்தேன். அவர்கள் ரியூசன் கதைகள் கதைத்தார்கள். ஒன்றிரண்டுக்கு நானும் உண்மையாகவே சிரித்தேன்.

இப்போது மேசை முன் அறையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அவள் அதில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தப் பக்கம் வேலை இருந்தால் அவர் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் இருக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பாள்: "உங்களுக்குக் கடைக்குப் போற வேலை ஒண்டும் இல்லையே?"