செல்ஃப் எடுக்காத வண்டி

அந்த லாரி சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆம்புலன்ஸாக ஓடியது. பிறகு ஏலத்தில் போய், பல கை மாறித் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஓர் ஆசாரி அதன் பின்பக்கத்தில் மரத்தால் ஓர் அறை கட்டிக் கொடுத்தார். அறைக்குள் மூன்று பலகைப் படுக்கை, ஸ்டவ் வைக்க ஒரு மேடை, சின்ன ஜன்னல், பேட்டரியில் எரியும் ஒரு பல்பு. கூரைக்கு மேல் குடைராட்டினத்தின் தூணும் கம்பிகளும் எட்டு மரக்குதிரைகளும். திருவிழா நடக்கும் ஊருக்குப் போய் ராட்டினத்தை நடுவோம். முடிந்ததும் பிரித்து ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில் நாலு வருஷத்துக்கு மேல் அந்த வண்டியில் குடியிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் வேறு எந்தக் கூரையின் கீழும் அவ்வளவு காலம் நான் தொடர்ந்து படுத்ததில்லை.

வண்டியும் ராட்டினமும் ஒரு தம்பதியுடையவை. எனக்கு அவர்களோடு உறவு எதுவும் இல்லை. அவரை அண்ணன் என்றும் அந்தம்மாவை மதினி என்றும் கூப்பிட்டேன். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கூட்ஸ் ஷெட், கல்குவாரி, பஸ் பட்டறை என்று சுற்றிவிட்டு வந்தவன். பட்டறையில் ஸ்பேனர் பிடித்த பழக்கம் இருந்ததால் வண்டியின் வைத்தியம் என் தலையில் விழுந்தது.

அது ஓயாத வைத்தியம். வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டாங்கியில் ஒழுகும் இடத்தில் துணி துவைக்கும் சோப்பை அழுத்தித் தேய்ப்பேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடி. மதினியின் அஞ்சறைப்பெட்டியில் மஞ்சளுக்கான கிண்ணம் எப்போதும் காலியாக இருக்கும்.

"குழம்பு வெளுப்பா இருக்கேன்னு யாரும் கேக்கக் கூடாது. மஞ்சளை எல்லாம் அந்த மகராசி குடிச்சிட்டா" என்பார்.

மகராசி என்றது வண்டியை.

மதினிக்கு அந்த வண்டியில் இருக்கப் பிடிக்கவில்லை என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ரெட்டியார்சத்திரத்தில் அவருடைய அம்மா வழியில் வந்த ஒரு துண்டு இடம் இருந்தது. அதில் ஒரு வீடு கட்டி, முன்னால் டீக்கடை போட வேண்டும் என்று இருந்தார். அவருக்கு முழங்கால் வீக்கம். வண்டிக்குள் ஏற மூன்று படி. அந்த மூன்று படிக்கும் மூன்று முறை முனகுவார். "காலையில முழிச்சா ராத்திரி பாத்த அதே சுவரு அங்கனயே நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்றார் ஒருமுறை. அண்ணன் எழுந்து டயரில் காற்று பார்க்கப் போனார். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வண்டி போனால் என் பலகையும் போகும்.

அந்த வருஷம் மழைக்கு முன்பாகவே வண்டியைக் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. நெய்க்காரப்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், திண்டுக்கல்லில் வெங்காயக் குடோன் வைத்திருந்தவர், தீபாவளி கழிந்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதோடு சரி. அந்த முறை மதினி ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்தார். கதவு, பம்பர், சக்கரத்து நடு, அதோடு நிற்காமல் கோணிச்சாக்கை விரித்து அடியில் படுத்து, வண்டியைத் தாங்கும் சேஸிஸ் இரும்புக்கும் அடித்தார்.

"அடியில யாரு பாக்கப் போறா மதினி?"

"கட்டிக் குடுக்கப் போற பொண்ணுல்ல தம்பி? பாக்க வாரவன் குனிஞ்சும் பாப்பான். நீ அந்தப் போல்ட்டைச் செத்த கழட்டிக் குடு, இடுக்குல பிரஷ் போக மாட்டேங்குது."

கழற்றிக் கொடுத்தேன். பெயிண்ட் காய்ந்த பிறகு கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டினேன்.

பூஜை முடிந்து ஒரு எலுமிச்சம்பழத்தையாவது நசுக்க வேண்டும் என்று அண்ணன் ஏறி உட்கார்ந்து செல்ஃப் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் சுற்றவில்லை. தூங்குகிறவன் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். விளக்கைப் போட்டுப் பார்த்தோம், பளிச்சென்று எரிந்தது. ஹாரன் அடித்தது. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. தள்ளினால் வண்டி கிளம்பியது. கிளம்பிவிட்டால் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வழி எங்களுக்கு இல்லை. முந்தின வருஷம் அந்தக் கைப்பிடி திருப்பி அடித்து அண்ணனின் மணிக்கட்டை உடைத்திருந்தது. அன்றைக்கே அதைக் கிணற்றில் போட்டுவிட்டார்.

ஆக, தள்ள வேண்டும். அறையும் ராட்டினமுமாகக் கனத்த வண்டியைத் தள்ள பத்துப் பேர் வேண்டும். அண்ணன் ஒரு ஏற்பாடு செய்தார். தள்ளுகிறவர்களுக்கு ராட்டினம் இலவசம். அதனால் அந்த மழைக்காலத்தில் போன ஊரிலெல்லாம், மீசை வைத்த சம்சாரிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரிக்காத முகத்தோடு மரக்குதிரையில் உட்கார்ந்து சுற்றினார்கள். கூலியை விடக்கூடாது என்கிற வைராக்கியம்தான். ஓர் ஊரில் ஒருவர் இறங்கி வந்து, "தலை சுத்துது. வண்டியைத் தள்ளுனதே பரவால்ல அப்பு" என்றார். வரப்பில் நின்ற பொம்பளைகள், "ஏலே, மாப்ள குதிரையில வாரான், பொண்ணு எங்க?" என்று கத்தினார்கள்.

கொஞ்ச நாள் எங்களுக்கும் சிரிப்பாக இருந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ரெட்டியார்சத்திரத்தில், மதினியின் அந்தத் துண்டு இடத்தில் வண்டியை நிறுத்தியபோது கரிசல் மண் இளகிச் சக்கரம் ஒரு சாண் இறங்கிவிட்டது. பத்துப் பேர் அல்ல, இருபது பேர் தள்ளினாலும் நகரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கூரை ஒழுகும் இடத்தில் சட்டி வைத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்.

"வெங்காயக்காரர் வார அன்னைக்குள்ள செல்ஃப் எடுத்தா, கார்த்திகைக்குப் பழனி போறோம். எடுக்கலைன்னா அவரு என்ன குடுக்குறாரோ அதுக்குக் குடுத்துட்டு இங்கனயே இருந்துக்குவோம். என்னால இனிமே ஆளுகளைக் கெஞ்ச முடியாது."

மதினி வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இரும்பு வெலைக்குத்தான் கேப்பாரு. அதுல சுவரு எங்க வைக்க? வாசப்படி வைக்கலாம்" என்றார்.

மறுநாளிலிருந்து நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். முதலில் பேட்டரி. அதைக் கழற்றிப் பஸ்ஸில் ஏற்றித் திண்டுக்கல் கொண்டுபோனேன். ஆசிட் தெறிக்கும் என்று கண்டக்டர் வழியெல்லாம் திட்டினார். சார்ஜ் போட்டு, மாட்டி, அழுத்தினால் அதே முனகல். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். அடுத்து செல்ஃப் மோட்டார். மல்லாந்து படுத்து அதை நெஞ்சின் மேல் இறக்கி, பட்டறைக்குத் தூக்கிப் போனேன். உள்ளே உரசும் கரித்துண்டு தேய்ந்திருக்கிறது என்று புதுசு போட்டார்கள். மாட்டினேன். முனகல். பேட்டரியிலிருந்து போகிற தடித்த வயரை மாற்றினேன். பொத்தானைப் பிரித்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மழைத்தண்ணீர் முதுகுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் சொட்டுகிறது ஆயிலா தண்ணீரா என்று துடைத்துப் பார்க்கக்கூட நான் கையை எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் எதற்காகச் செய்கிறேன் என்பதே மறந்துவிட்டது. தூக்கம் வந்தால் அங்கேயே தூங்கினேன்.

வெங்காயக்காரர் வருவதற்கு முந்தின நாள். அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தார். பொத்தானை அழுத்த ஆளில்லை. மதினியைக் கூப்பிட்டேன். முனகிக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறினார். நான் அடியிலிருந்து, "அழுத்துங்க மதினி. விடாம அழுத்துங்க. சோக்கையும் இழுத்துப் பிடிங்க" என்றேன். சோக் என்பது இன்ஜினுக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பி. குளிர்காலத்தில் கிளம்ப அதை இழுக்க வேண்டும்.

மேலே "ஆத்தீ" என்று சத்தம். பிறகு, "தம்பி, இது என்ன கங்கு மாதிரி சுடுது? வெரலு போச்சு."

"எது சுடுது?"

"நீ இழுக்கச் சொன்னியே, அந்தக் கம்பிதான். பொகையுது பாரு."

வெளியே வந்து தொட்டுப் பார்த்தேன். கம்பி கொதித்தது. மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத கம்பி. இன்ஜினுக்கும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவில் சும்மா ஓடுகிற கம்பி. அது ஏன் சூடாக வேண்டும்?

சேற்றில் உட்கார்ந்து யோசித்தேன். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். இன்ஜின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், திரும்பி வருவதற்கென்று இன்ஜினையும் சேஸிஸையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை இருக்கும். எர்த் என்போம். அந்த வழி அடைபட்டதால்தான் அது கிடைத்த சந்தில், இந்த நூல் கம்பி வழியாக, முண்டியடித்துக்கொண்டு வருகிறது. விளக்குக்கும் ஹாரனுக்கும் இன்ஜின் வழி தேவையில்லை. அதனால் அவற்றுக்குக் குறையில்லை.

அடியில் நுழைந்து பட்டையைத் தேடினேன். சேஸிஸோடு அதைச் சேர்க்கும் போல்ட்டு, ஆயுத பூஜைக்கு மதினி கழற்றச் சொன்ன அதே போல்ட்டு. பட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் வழுவழுவென்று இரண்டு பூச்சுச் சிவப்புப் பெயிண்ட். அதன் மேல் நானே இறுக்கி முடுக்கியிருந்தேன்.

கத்தியால் சுரண்டினேன். இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை சுரண்டி, பட்டையை வைத்து முடுக்கினேன். "இப்ப அழுத்துங்க" என்றேன். மதினி இடது கையால் அழுத்தினார். அரைச் சுற்றுக்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகையெல்லாம் என் மூஞ்சிக்கு வந்தது.

அவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன பழுது என்று சொன்னேன்.

"அப்ப நான் பூசுனதுதானா?"

"ஆமா."

"சரி, பழனிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, விரலில் தடவ அரிசிமாவு தேடிப் போனார்.

மறுநாள் வெங்காயக்காரர் வந்தார். மழை விட்டிருந்தது. வண்டி சேற்றில் புதைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, இரும்பு விலை பேசும் முகத்தோடு வந்திருந்தார். அண்ணன் காய்ச்சலோடு எழுந்து, விற்கப்போவதில்லை என்று சொல்வதற்கு முன்னால் செல்ஃபைப் போட்டுக் காட்டினார். நிறுத்தினார், மறுபடியும் போட்டார். அத்தனை வாரமாக ஆளுகளைக் கெஞ்சிய மனுஷன். காட்டுவதை அவரால் நிறுத்த முடியவில்லை. சக்கரத்துக்கு முன்னால் பலகைகளைப் போட்டு, சேற்றிலிருந்து தானே மேலே ஏற்றியும் காட்டினார்.

வெங்காயக்காரர் இரண்டு தரம் சுற்றி வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். "ஏனுங்க, செத்துப்போச்சுன்னல்ல சொன்னாங்க. அடியெல்லாம் புதுசாட்ட இருக்குதுங்க" என்றார். பிறகு ஓடுகிற வண்டிக்கு உண்டான விலையைச் சொன்னார். அது நாங்கள் யாரும் எதிர்பாராத விலை. வாசற்படி மட்டுமல்ல, நாலு சுவரும் கூரையும் வைக்கிற விலை.

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி மாவு காய்ந்த விரலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். "எடுத்துக்கங்க" என்றார் அண்ணன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அடியில் படுக்க வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது.

ராட்டினத்தை அங்கேயே இறக்கினோம். இங்கேயே இரு, டீ ஆத்த ஆள் வேணும் என்றார் மதினி. பார்க்கலாம் என்றேன். லாரியைத் திண்டுக்கல்லில் குடோனுக்குக் கொண்டுபோய் விட்டது நான்தான். நான் நிறுத்துவதற்குள் இரண்டு ஆசாரிகள் மர அறையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பலகையும் மற்றப் பலகைகளோடு சுவரில் சாய்ந்து நின்றது. எது என்னுடையது என்று தெரியவில்லை.

வெங்காயக்காரரின் டிரைவர் சாவியை வாங்க வந்தார். வண்டியில் என்னென்ன தொந்தரவு என்று அவருக்கு விவரமாகச் சொன்னேன். ஈரத்துணி, சோப்பு, மஞ்சள்பொடி, எந்த மேட்டில் எந்தக் கியர், எல்லாம். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். செல்ஃப் எடுக்குமா?"

"எடுக்கும்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.