சீரியோ என்று ஒரு சொல்

அம்சவல்லிக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரே ஒரு சொல். அவளுடைய புருஷன் கோவிந்தராசு விருத்தாசலம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ராபின்சன் என்ற ஆங்கிலோ இந்திய கார்டு, வண்டி நகரும்போது பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே அவனைப் பார்த்து "சீரியோ" என்பார்; போய் வருகிறேன் என்று அர்த்தம். அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சீரியோ" என்பான். முதலில் வெட்கப்பட்டவள், போகப்போக அடுப்படியிலிருந்தே திருப்பிச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் மோர் வாங்க வந்தாலும் போகிறபோது அதையே சொல்லிச் சிரிப்பாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் கொஞ்ச காலம் எல்லார் வாயிலும் அது புழங்கியது.

அறுபத்தாறாம் வருஷம் கோவிந்தராசுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கடலூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றியபோது கண்ணை மூடியே கிடந்தான். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பிணமாகத்தான் திரும்பினான்.

"அழுதுடுடீ, நெஞ்சு அடைச்சிக்கப் போவுது" என்று காசியம்மாள் அவளைப் பிடித்து உலுக்கினாள். வந்தவர்களுக்கு டீ போதுமா என்ற நினைப்பு மட்டுமே அம்சவல்லிக்கு இருந்தது.

அதே ஸ்டேஷனில், பெண்கள் வெயிட்டிங் ரூமில் அவளுக்கு ஆயா வேலை கொடுத்தார்கள். பெருக்கினாள், பானையில் தண்ணீர் நிரப்பினாள். காசியம்மாள் குடும்பம் மாற்றலாகித் திருச்சிக்குப் போனது. புதிதாகக் குடிவந்தவர்கள் "டாட்டா" என்றார்கள், "வரேங்க" என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

எழுபத்தாறில் ஒருநாள் ராபின்சன் மனைவியோடு வந்தார். ரிட்டையராகி, ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகிறார்களாம். மனைவி உள்ளே உட்கார, அவர் வாசலில் நின்று இவளை உற்றுப் பார்த்தார்.

"கோவிந்தராசு சம்சாரந்தானே நீங்க?"

"ஆமாங்க."

"நல்ல மனுஷன்மா."

மெட்ராஸ் வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றாள். அந்தச் சொல்லைச் சொல்வார் என்று நினைத்தாள். பதில் வாயில் தயாராக இருந்தது. வண்டி அசைந்ததும் அவர் கைகூப்பினார்.

"போயிட்டு வரேம்மா."

"போயிட்டு வாங்க" என்றாள்.

சாயங்காலம் மகள் கமலம் பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்து, கையில் ஒட்டிய வர்ணத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா சாகும்போது அவளுக்கு ஏழு வயது.

"கமலம், ஒங்கப்பா வேலைக்குப் போறப்ப என்னா சொல்லிட்டுப் போவாரு, ஞாபகம் இருக்குதா?"

கமலம் யோசித்தாள். "கதவச் சாத்திக்கம்பாரு. வேற என்னா?"

"வேற ஒண்ணுமில்ல."

"ஏம்மா கேக்குற?"

"கார்டு ஊர விட்டே போயிட்டாரு. அதான். ஒக்காரு, சாப்புடு."

சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்த கமலம் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கரிக்குதும்மா. நீ பாக்கல?"

அம்சவல்லி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவளுக்கு உப்பே தெரியவில்லை.

"இன்னங் கொஞ்சம் சோறு போட்டுக்க" என்று சட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.