பெப்பர்மின்ட் ஊற்றியவள்

எனிட் போலார்ட் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசற்படியில் ஒரு கணம் நின்று தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்ப்பாள். சொந்த வீடானாலும் அப்படித்தான், தேவாலயமானாலும் அப்படித்தான். இருபது வருடமாக மில்வுட்டில் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கக்கூஸ் கழுவுகிறவள் ஆயிற்றே, அந்த நாற்றம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் தேடுவது பெப்பர்மின்ட் வாசனையை.

1952 கோடையில் சூளைத் தெருவின் ஆறு வீடுகளில் நான்கில் குழந்தைகளுக்கு ரத்தபேதி. எனிடின் மகள் பெரிலுக்கு அப்போது நான்கு வயது. ஜூனில் ஒரு முறை படுத்து எழுந்தவள் ஜூலையில் மறுபடி விழுந்தாள். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். குழந்தை உள்ளேயிருந்து கையை நீட்டும். எனிட் கண்ணாடியைத் தொடுவாள்.

நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அடுத்த வீட்டு டோரிஸ் டக்வெல்லுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"நாள் பூரா ஊர்ப்புள்ளைங்க கக்கூஸைக் கழுவிட்டு வந்து அதே கையால ரொட்டி வெட்டினா வேற என்ன ஆகும்?" என்று துணி உலர்த்தும் கயிற்றடியில் நின்று உரக்கக் கேட்டாள். அவள் பேரன் ஆலனும் படுக்கையில்தான் இருந்தான்.

சோதனையில் எனிடிடம் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. ஆனாலும் பேச்சு பள்ளிவரை போய்விட்டது. காரணம் தெரியாவிட்டால் செப்டம்பரில் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று கடிதம் வந்தது. எனிட் அதை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே கவுன்சில் அலுவலகத்துக்கு நடந்தாள். ஒரு வாரத்தில் மூன்று முறை நடந்தாள். மூன்றாம் முறை சுகாதார ஆய்வாளர் கார்சைட் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு அவளுடனேயே கிளம்பிவிட்டார்.

ஆறு வீட்டுக் கழிவும் ஒரே குழாயில், வீடுகளுக்கு அடியில் போயிற்று. அது எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. கோடி வீட்டுக் கக்கூஸில் பெப்பர்மின்ட் எண்ணெயை ஊற்றி, மேலே ஒரு வாளி வெந்நீர் விட வேண்டும். வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒருவர் காத்திருக்க வேண்டும். உள்ளே மணம் வந்தால் குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று கார்சைட்டின் உதவியாள் லீவு.

"நான் ஊத்தறேன் சார்," என்றாள் எனிட்.

"ஊத்தினவங்க உள்ள வரக்கூடாதும்மா. ஒரு சொட்டு கையில பட்டாப் போதும், வீடு பூரா மணக்கும். நான் கூப்பிடற வரைக்கும் வெளியவே இருக்கணும்."

ஊற்றினாள். பத்து நிமிடம் பொறுத்தாள். மனசு கேட்கவில்லை. தன் வீட்டுப் பின்கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"வருதா சார்?"

கார்சைட் மூக்கை உறிஞ்சினார். பெருமூச்சு விட்டார்.

"இப்ப வருதும்மா. உங்கிட்டேருந்து."

சோதனை கெட்டது. குறை எதுவும் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார். அடுத்த முறை அக்டோபரில்தான் வர முடியும் என்றார். அன்று எனிட் கையைக் கார்பாலிக் சோப்பு போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தாள். மறுநாள் மருந்துக் கடையில் ஒரு சின்னப் புட்டி பெப்பர்மின்ட் எண்ணெய் வாங்கிக்கொண்டு டோரிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நானா? உனக்காக நான் மோந்து பாக்கணுமா?"

"எனக்கு வேண்டியவங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மிசஸ் டக்வெல். என்னைப் பிடிக்காதவங்க சொல்லணும்."

"அப்ப சரியான ஆளைத்தான் தேடி வந்திருக்க."

"மூக்கும் இருக்கே உங்களுக்கு. நான் என்ன சமைக்கிறேன்னு எனக்கு முன்னாடி உங்களுக்குத்தானே தெரியுது."

டோரிஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு எல்லா ஜன்னலையும் சாத்தினாள்.

எனிட் ஊற்றினாள். பிறகு கொல்லையில் துணி துவைக்கும் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மழை பிடித்தது. சுவருக்கு மேலே கோடி வீட்டு ரான் எட்டிப் பார்த்தான்.

"என்ன எனிட், வீட்டுக்காரர் வெளிய தள்ளிட்டாரா?"

"ஆமா ரான். நீயும் தள்ளியே நில்லு."

அரைமணி போயிற்று. டோரிஸ் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, "நனையறியே, உள்ள வந்து ஒரு வாய் டீ குடி!" என்று கத்தினாள். பாசத்தில் கூப்பிட்டாளா, சோதனையைக் கெடுக்கக் கூப்பிட்டாளா என்று எனிடுக்கு இன்றுவரை தெரியாது. மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுக் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

மேலும் கொஞ்ச நேரம் கழித்து டோரிஸே வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் பால் ஜாடி.

"சாமான் அறையில," என்றாள். "தரைக்கல்லு சந்துலேருந்து வருது. ஜாடி வைக்கிற இடத்துலேயே."

கோடையில் பால் திரியாமலிருக்க அந்தத் தெருவில் எல்லோரும் ஜாடியைக் குளிர்ந்த தரைக்கல்லில்தான் வைப்பார்கள். ஆலனும் அந்தப் பாலைத்தான் குடித்தான். டோரிஸ் பாலை மண்ணில் கொட்டிவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"வா. ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடலாம். பேச்சை எங்கிட்ட விடு, உனக்குச் சத்தமே வராது."

கார்சைட் உதவியாளை அழைத்து வந்து மறுபடி சோதித்தார். குழந்தைகள் படுத்த நான்கு வீட்டுச் சாமான் அறைகளிலும் மணத்தது. கல்லைப் பெயர்த்துத் தோண்டினார்கள். யுத்தத்தின்போது பக்கத்து மைதானத்தில் குண்டு விழுந்ததில் ஜன்னல்கள் மட்டும்தான் உடைந்தன என்று தெரு நம்பியிருந்தது. அடியில் குழாயும் விண்டிருந்தது. எட்டு வருடமாக ஊறிய சேறு கல்லுக்குக் கீழே கறுப்பாகக் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் புதுக் குழாய் வந்தது.

டோரிஸ் டக்வெல் மன்னிப்புக் கேட்டதில்லை. எனிடும் எதிர்பார்க்கவில்லை. சூளைத் தெருவில் அதற்குப் பிறகு யாருக்கும் ரத்தபேதி வரவில்லை. பெரிலுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. எனிட் அதே பள்ளியில் அதே வேலையில் இருக்கிறாள்.